கிளிப் கழன்ற பூ

அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. கிளிப்பு என்றால்தான் திரும்புவாள். தலையில், சட்டைக் காலரில், கைப்பை வாரில் என்று எங்கே பார்த்தாலும் முடிக் கிளிப்பாகக் குத்திக்கொண்டு திரிகிற பெண்ணுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? எல்லாம் அழகுக்கு இல்லை, பூசணிப் பூவுக்கு. நாளை விரியப்போகிற மொட்டை இன்று மாலையே கிளிப் போட்டு மூடிவிட வேண்டும். விடிந்ததும் வேண்டிய ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத் தூளைப் பெண்பூவின் நடுவில் தடவி, மறுபடி மூடி, காம்பில் சீட்டுக் கட்ட வேண்டும். இடையில் ஒரு தேனீ புகுந்து வந்தால் போச்சு, அந்த விதைக்கு அப்பன் யாரென்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அவள் உண்டாக்க நினைத்தது நிறையவும் காய்க்கிற, காயும் கனக்கிற ஒரு மஞ்சள் பூசணியை. கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் பூசணி பிடிவாதக்காரி. காய் கூடினால் எடை குறையும், எடை கூடினால் காய் குறையும். பண்ணையில் இரண்டு வம்சங்களை வருஷக்கணக்காகச் சுத்தமாக வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். ஒன்று கொடிக்கு ஒன்றிரண்டு காய்தான் தரும், ஆனால் ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குக் குண்டு என்று பேர். இன்னொன்று நடுத்தரக் காய்களை வரிசையாகப் போட்டுத் தள்ளும். அது கொத்து. போன பருவத்தில் குண்டை அம்மாவாகவும் கொத்தை அப்பாவாகவும் வைத்துச் சேர்த்தாள். அந்த விதைகள்தான் இப்போது வயல் கொள்ளாமல் கொடியாகப் படர்ந்து கிடந்தன.

அன்றுதான் முதல் எடை போடும் நாள், வேலை மத்தியானம் தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. எடை போடுகிற உதவியாளரின் பேர் தராசு. குண்டான மனிதர், தன் எடையை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார்.

"மேடம், இங்க வந்து பாருங்களேன்" என்று வயலின் கோடியிலிருந்து கத்தினார் தராசு. "இந்த ஒரு கொடி மத்ததை எல்லாம் முழுங்கிடும் போலிருக்கு!"

போய்ப் பார்த்தவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கணுவுக்குக் கணு காய். இலையை விலக்க விலக்கக் காய். கொத்துகூட இப்படிக் காய்த்ததில்லை. காய்கள் கொஞ்சம் சின்னவைதான், தோலில் லேசாகப் பச்சை வரி ஓடியது, அதனால் என்ன? கூட்டிப் பார்த்தால் பக்கத்துக் கொடிகளைப்போல இரண்டு பங்கு வரும். இத்தனை வருஷம் கால் கடுக்க நின்றதற்கு இதோ கூலி என்று நினைத்துக்கொண்டாள். ஒரு காயை அறுத்துச் சதைக் கனத்தை அளந்தாள். பழக்கதோஷத்தில் கத்தி முனையில் ஒட்டிய துணுக்கை நாக்கில் வைத்தாள்.

அப்படியே துப்பினாள்.

கசப்பு என்றால் பாகற்காய்க் கசப்பு இல்லை. நாக்கு தானாக உள்ளே சுருண்டுகொண்டது, தொண்டை மூடிக்கொண்டது, காதுக்குப் பின்னால் வரைக்கும் இழுத்தது. குழாயடிக்கு ஓடி வாய் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். அது போவதாக இல்லை.

"என்ன மேடம், அழுகலா?"

"தொடாதீங்க. கத்தியைக்கூட நக்கிடாதீங்க. இது விஷம்."

தராசு தன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

பூசணிக் குடும்பத்தில் எல்லாமே சாப்பிடுகிற ஜாதி இல்லை. அழகுக்கு வளர்க்கிற குட்டிப் பூசணி ஒன்று உண்டு. உள்ளங்கையளவு, பச்சை வரி, மேசை மேல் வைத்துப் பார்க்க மட்டும். ஒரு கொடியில் கணக்கில்லாமல் காய்க்கும், ஆனால் உள்ளே நஞ்சு. அந்தக் கசப்பு சும்மா விடாது, பிள்ளைக்கும் போகும். அதன் தூள் நல்ல பூசணியின் பூவில் விழுந்தால் பிறக்கிற கொடி நிறையவும் காய்க்கும், நிச்சயமாகக் கசக்கவும் செய்யும். பண்ணைக்கு அடுத்த வீட்டுக்காரர் தன் வேலி முழுக்க அதைத்தான் படரவிட்டிருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு அழகு என்றார்கள். கிளிப்பும்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு அந்தப் பூ ஞாபகம் வந்தது. போன பருவத்தில் ராத்திரி மழை பெய்த ஒரு விடியற்காலை. குண்டின் நல்ல கொடியில் கடைசிப் பெண்பூ. அதன் கிளிப் கழன்று சேற்றில் கிடந்தது, பூவின் நுனி ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. அந்தப் பூவை அப்போதே கிள்ளி எறிந்திருக்க வேண்டும். விதி அதுதான், அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. ஆனால் கடைசிப் பூ. இந்த ஈரத்தில் எந்தத் தேனீ எழுந்து வந்திருக்கப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கொத்தின் தூளைத் தடவிச் சீட்டைக் கட்டிவிட்டாள். தேனீ அவளுக்கு முன்னாடியே எழுந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரே காய்க்குள் சில விதைக்கு அப்பன் கொத்து, சில விதைக்கு அப்பன் வேலிக்காரன்.

சரி, காய் பழுத்ததும் தெரிந்திருக்காதா? அங்கேதான் படித்தவர்களுக்கென்றே வைத்திருக்கிற பள்ளத்தில் அவள் விழுந்தாள். காயின் சதை அம்மாவின் உடம்பு. அப்பன் உள்ளே விதையில் ஒளிந்துகொண்டிருப்பான். சதையை ஆயிரம் தடவை ருசி பார்த்தாலும் அம்மாவைப் பற்றித்தான் தெரியும். இது அவளுக்குத் தெரியாததா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனாலும் அந்தக் காயை அறுத்துத் தின்று பார்த்து, தேனாக இனித்த சந்தோஷத்தில், மனசுக்குள் இருந்த சந்தேகத்தை அழித்துவிட்டாள். நாக்கு சொன்னதைக் கேட்டு மூளை வாயை மூடிக்கொண்டது.

மூடிக்கொண்டதோடு நின்றதா? விதைத்தது போக மிச்சம் இருந்த ஒரு பிடி விதையை அண்ணன் வீட்டில் கொடுத்தாள். "வீட்டுப் பின்னாடி சும்மா கிடக்கிற இடத்துல போடுண்ணா, அசந்துபோவே" என்று பெருமை வேறு.

குழாயடியில் நின்றபடியே போனை எடுத்தாள். அண்ணனை அழைத்தாள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், பகலெல்லாம் ஏதாவது ஒரு கட்டடத்தின் சுவருக்குள் தொங்கிக்கொண்டிருப்பான், சிக்னல் கிடைக்காது. இப்போதும் கிடைக்கவில்லை. அண்ணியை அழைத்தாள். அண்ணிக்கு மருந்துக்கடையில் வேலை.

"சொல்லும்மா, கடையில ஒரே கூட்டம்."

"அண்ணி, வீட்டுல என் பூசணி காய்ச்சுதே, அதைச் சாப்பிட்டீங்களா?"

"போன வாரம் ஒண்ணு பறிச்சோமே, அல்வா மாதிரி இருந்துச்சு. உன் அண்ணன் தெரு முழுக்க உன் புகழ்தான் பாடுறார்."

அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "அப்போ எல்லாமே நல்ல கொடிதான் போல..."

"இன்னொரு கொடி இருக்கே, அதுதான் ராட்சசி. குட்டிக் குட்டியா, வரி வரியா, எவ்வளவு காய்ங்கிற! இன்னைக்குத்தான் முதல் தடவை அதுல ஒண்ணு பறிச்சேன். காலையில நறுக்கி வச்சுட்டு வந்துட்டேன், அத்தை மத்தியானத்துக்கு வேகவச்சுச் சாப்பிட்டிருப்பாங்க."

கிளிப்பு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அத்தை என்று அண்ணி சொன்னது கிளிப்பின் அம்மாவை. வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். அந்தக் கசப்பை வாயில் வைத்தவன் விழுங்கமாட்டான், துப்பிவிட்டு நாலு வசவு வைத்துவிட்டுப் போவான். பூசணியே பெரிய மனசு பண்ணி வைத்திருக்கிற எச்சரிக்கை அது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அம்மாவின் நாக்கிலிருந்து ருசியை வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, ருசி திரும்பவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை. அம்மா அதையும் வேடிக்கையாக்கிக்கொண்டாள். "உன் அண்ணி சமையலுக்கு இந்த வீட்டுல ஒரு குறையும் சொல்லாதவ நான் ஒருத்திதான்" என்பாள். தட்டில் வைத்ததை எல்லாம் சத்தமில்லாமல் தின்றுவிட்டு எழுந்துபோவாள். காகிதத்தை வேகவைத்துக் கொடுத்தாலும் சாப்பிடுவாள்.

"அண்ணி, உடனே அம்மாவுக்குப் போன் பண்ணுங்க. அதைச் சாப்பிடக் கூடாது."

"ஏன்? என்னாச்சு?"

"அது கசப்பு. விஷக் கசப்பு. அவங்களுக்குத் தெரியாது அண்ணி, தெரியாது!"

அண்ணி, "கடவுளே, நான்தானே நறுக்கி வச்சேன்" என்றாள்.

இருவரும் மாறி மாறி அழைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. போனை எடுக்காமல் இருப்பது அம்மாவுக்குப் புதிதில்லை. தைத்துக்கொண்டுதான் இருப்பாள் என்று கிளிப்பு தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே வேனை நோக்கி ஓடினாள்.

பண்ணை வேனின் ஓட்டுநருக்கு ஆமை என்று பேர். அவர் வேன் போனால் சைக்கிள்காரன் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். கிளிப்பு விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பியவர் முதல் வளைவிலேயே பின்னால் இருந்த கூடைகளை உருள வைத்தார், சிவப்பு விளக்கில் நிற்கவில்லை, எதிரே வந்த பேருந்துக்காரன் திட்டியது காதில் விழவே இல்லை. அவர் மெதுவாகப் போயிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டாவது வந்திருப்பாள். ஆமையே இப்படி ஓட்டுகிறாரென்றால் விஷயம் நிஜமாகவே மோசம்தான் என்று பட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின.

"வயசானவங்களுக்கு என்ன செய்யும்மா அது?" என்று அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"வாந்தி, வயித்துப்போக்கு. ரத்த அழுத்தம் சட்டுன்னு விழும். சில சமயம்..." முடிக்கவில்லை.

"கொஞ்சமாத்தான் சாப்பிட்டிருப்பாங்க."

"எங்கம்மாவா?" என்றாள். அம்மா தட்டில் எதையும் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

அண்ணன் வீட்டுத் தெருவில் வேன் நிற்பதற்குள் குதித்தாள். வீடு மாடியில். படியேறும்போதே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தையல் மெஷின் சத்தம் இல்லை. ஓடுகிற மெஷினின் சத்தத்தைக் கேட்க ஒரு மனுஷி இவ்வளவு ஏங்கியிருக்க முடியாது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள். மெஷினில் பாதி தைத்த ஒரு சட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போன், திரையெல்லாம் தவறிய அழைப்புகள்.

"அம்மா!"

"இங்கதான்டி இருக்கேன், சின்னவளே. ஏன் இப்படிக் கத்துறே?"

அம்மா சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. அடுப்பு மேல் பாத்திரம், அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் பளபளவென்றிருந்தது. அந்த முகத்தை இப்படிப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தே. உன் பூசணி கசக்குதுடி!"

கிளிப்பு அடுப்பு மேலிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"சத்தியமா கசக்குது. முதல் வாயிலயே தெரிஞ்சுது. சும்மா தோணுதோன்னு இன்னொரு வாய் வச்சேன், கசந்துச்சு. இன்னும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன், அப்பவும் கசந்துச்சு! எனக்கு நாக்கு திரும்பி வந்துடுச்சுடி. போன் அடிச்சுது, அப்புறம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். எங்க நிறுத்தினா மறுபடி போயிடுமோன்னு..."

அவள் கையிலிருந்த கரண்டியில் இன்னும் ஒரு வாய் இருந்தது. கிளிப்பு பாய்ந்து தட்டையும் கரண்டியையும் பிடுங்கித் தொட்டியில் போட்டாள்.

"அம்மா, அது விஷம். எவ்வளவு சாப்பிட்டே? எவ்வளவும்மா?"

"விஷமா?" அம்மாவின் சிரிப்பு போக நேரம் பிடித்தது. அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். "போடி. இவ்வளவு நாளைக்கப்புறம் ஒண்ணு தெரியுது, அதையும் பிடுங்கிக்கிட்டுப் போறியா?"

இதைச் சொல்லிவிட்டு எழுந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "என்னமோ பண்ணுதுடி" என்றாள், குரல் சின்னப்பிள்ளை மாதிரி.

ஆமை மேலே ஏறி வந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வேனிலேயே வாந்தி ஆரம்பித்தது. பூசணிக் கூடைகளுக்கு நடுவில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முகம் வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபடி, கிளிப்பு தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். உன் பூவை இனித் தொடமாட்டேன், அவளை மட்டும் விட்டுவிடு என்று யாரிடமோ கெஞ்சினாள். தேனீயிடம் கெஞ்சினாளோ என்னவோ.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருத்தி, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

"பூசணிக்காய்."

"பூசணிக்காயா?" டாக்டரின் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. கிளிப்பு மூச்சுவிடாமல் விளக்கினாள். சிரிப்பு போய்விட்டது. நர்ஸைக் கூப்பிட்டு அழுத்தம் பார்க்கச் சொன்னாள். நர்ஸ் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"இதுக்கு மாத்து மருந்து ஒண்ணும் கிடையாதும்மா" என்றாள் டாக்டர். "டிரிப்ஸ் ஏத்துவோம், அழுத்தம் விழாம பார்த்துப்போம். உடம்பு தானாக் கழிச்சு வெளியேத்தணும். காத்திருக்கிறதைத் தவிர வேற வழி இல்லை."

அண்ணி மருந்துக்கடை அங்கியோடு ஓடி வந்தாள். அண்ணன் கையெல்லாம் கிரீஸோடு வந்து, எதைத் தொடுவது என்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"நீ குடுத்த விதை எப்படித் தப்பாப் போகும்?" என்றான் அண்ணன். குற்றமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நம்ப முடியாமல் கேட்டான். அதுதான் அவளைக் கொன்றது.

"கிளிப் கழண்டு கிடந்துச்சுண்ணா. பார்த்தேன். பார்த்தும் அந்தப் பூவை வச்சுக்கிட்டேன்."

அவனுக்குப் பாதி புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. அண்ணி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நறுக்கினவ நான், குடுத்தவ நீ. ரெண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்திருப்போம்" என்றாள்.

பிறகு அண்ணிக்கே திடீரென்று தூக்கிவாரிப் போட்டது. "அந்தக் கொடியில இருந்து வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்று கணவனைப் பிடித்து உலுக்கினாள். இல்லை, ஞாயிற்றுக்கிழமை பறித்துத் தெருவுக்கே கொடுப்பதாக இருந்தானாம். கிளிப்பு கண்ணை மூடிக்கொண்டாள். போய் வேரோடு பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வா என்று அவனை அனுப்பினாள். தராசுக்கும் போனில் அதையே சொன்னாள். அந்தக் காயிலிருந்து முளைத்த எல்லாக் கொடியையும், எடைகூடப் பார்க்காமல்.

அன்றைக்கு அம்மாவின் அழுத்தம் இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். திரைக்குக் கீழே தெரிந்த நர்ஸின் செருப்புகள் வேகமாக நடக்கின்றனவா, மெதுவாக நடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். மனுஷர் பயப்படுவதற்கு அதைவிட மோசமான இடம் இல்லை.

மறுநாள் பொழுது ஏறியபோது டாக்டர் வந்து, "தாண்டிட்டாங்க" என்றாள். அண்ணி வாய்விட்டு அழுதாள். கிளிப்புக்கு அழுகைகூட வரவில்லை.

மத்தியானம் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். கிளிப்பு கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு கரண்டி ஊட்டினாள். அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எதையோ தேடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விழுங்கினாள்.

"உப்பு போடலையா?"

"போட்டிருக்காங்கம்மா."

"ஓ" என்றாள் அம்மா. ஜன்னல் பக்கம் பார்த்தாள். "போயிடுச்சு அப்போ."

கிளிப்பு கஞ்சியைக் கரண்டியால் கிளறினாள்.

"சின்னவளே, அந்தக் கொடியில காய் இன்னும் இருக்கா?"

நேற்று முழுக்கப் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது அந்தக் கேள்வியில். அம்மா விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருந்தால் தின்பாள். தெரிந்தே தின்பாள்.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் பிடுங்கிப் புதைச்சாச்சு."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். மகள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தாள். "நிறையக் காய்ச்சுது பாவம்" என்றாள்.

கிளிப்பு அடுத்த கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோகாமல் முதலில் தன் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார்த்தாள். வெறும் கஞ்சிதான் என்று தெரியும், இருந்தாலும் கை கேட்கவில்லை. இனிமேல் எந்தச் சாப்பாட்டுக்கும் கேட்கப்போவதில்லை.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா. லேசா மிளகு வாசனை. சூடு சரியா இருக்கு."

"அப்படியா, மிளகா?" என்று சொல்லி, அம்மா வாயைத் திறந்தாள்.